ஆயிரத்து நானூறு என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்

இளங்கோ,

நான் சிதம்பரத்துக்குப் போய் சுலோச்சனா வீட்டில் சண்டை போட்டுவிட்டு, சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டதாக உறவுக்குள் ஒரு பேச்சு சுற்றிக்கொண்டிருக்கிறது. திட்டக்குடியிலிருந்து உன் அத்தை போன் செய்து, "ஏன் அண்ணி, அவுங்க வூட்ல தண்ணிகூட வாங்கிக் குடிக்கலையாமே, இந்த வயசுல இது தேவையா?" என்று கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. அதை முதலில் திருத்திவிடுகிறேன். நான் சாப்பிட்டேன். கத்தரிக்காய் கொத்சை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். மோர் குடித்தேன். என் தட்டை நானே கழுவிக் கவிழ்த்தேன். யாரிடமும் குரலை உயர்த்தவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று முறையாகச் சொல்லிக்கொண்டுதான் புறப்பட்டேன். அவள் கொட்டகையில் வைத்திருக்கும் அந்த இயந்திரத்தை மோசடி என்று நான் சொன்னதாகவும் அத்தை சொன்னாள். அந்தச் சொல்லை நான் அங்கேயும் சொல்லவில்லை, இங்கே வந்தும் சொல்லவில்லை. சுலோச்சனா பொய் சொல்கிறவள் இல்லை. பாவாடை சட்டை போட்ட வயதிலிருந்து அவளை எனக்குத் தெரியும்.

எனக்குப் பொறாமை என்றும் சொல்கிறார்களாம். அதைத் திருத்த மாட்டேன். அது சரியான தகவல். எழுபதைத் தாண்டிய பிறகு இன்னொரு கிழவியைப் பார்த்து வயிறு எரிகிறது என்று எழுதுவது எனக்கு ஒன்றும் பெருமையாக இல்லை. ஆனால் இருப்பதை இருக்கிறபடி எழுதித்தான் எனக்குப் பழக்கம். மற்றவர்கள் செய்யும் தவறு, என் பொறாமையையும் என் பௌதிகத்தையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிக் கலக்குவதுதான். பொறாமைப்படுகிறவள் போடும் கணக்கு தப்பாகத்தான் இருக்கும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படிக்கவில்லை, இத்தனை வருடம் பெண்கள் பள்ளியில் பௌதிகம் நடத்தியபோது எந்தப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. இந்தக் கடிதத்தில் இரண்டையும் தனித்தனியாக வைத்து எழுதப் பார்க்கிறேன். சில இடங்களில் கலந்துவிடும். நீ பிரித்துப் படித்துக்கொள்.

உன்னை அவளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவளே நான்தான். எங்கள் கான்வென்டில் பழைய மாணவிகள் வருடத்துக்கு ஒருமுறை கூடுவோம் அல்லவா, போன முறை அங்கே சுலோச்சனா எழுந்து பேசினாள். கல்லூரியில் கெமிஸ்ட்ரி நடத்தி ஓய்வு பெற்ற பிறகு வீட்டுப் பின்கட்டில் ஒரு கொட்டகை போட்டிருக்கிறாளாம். நிக்கல் தூளையும் ஹைட்ரஜனையும் ஒரு குழாய்க்குள் அடைத்துச் சூடாக்கினால், கொடுக்கும் மின்சாரத்தைவிட அதிக வெப்பம் வெளியே வருகிறதா என்று பார்க்கிறாளாம். வெளிநாட்டில் யாரோ வருகிறது என்று சொன்னார்கள், அதைத் தானும் செய்து பார்க்க ஆசையாம். "வூட்டு கொல்லையில சூரியன் வைக்கப் போறியாடி" என்று எல்லாரும் சிரித்தார்கள். அவள் கோபிக்கவே இல்லை. அவளும் சிரித்துக்கொண்டு, எல்லாம் தயாராக இருக்கிறது, வெப்பத்தைச் சரியாக அளந்து சொல்லத்தான் ஆள் இல்லை என்றாள். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாக எழுந்து, "அளக்கணும்னா என் மகன் இருக்கான். சிப்காட்ல ஒரு ஃபேக்டரியே அவன் வைக்கிற மீட்டரை நம்பித்தான் ஓடுது" என்றேன். அவள் முகத்தில் ஒரு ஏக்கம் வந்து போனது. அவளுக்குப் பிள்ளை இல்லை, கல்யாணமே இல்லை. அந்த ஏக்கத்தைப் பார்க்கத்தான் நான் எழுந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. கழுத்துச் சங்கிலியை நாலு பேர் பார்க்கட்டும் என்று கழற்றிக் கொடுப்பதுபோல உன்னைக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தவளுக்கு அது பொருந்திவிட்டது.

அவளுக்கு எல்லாமே பொருந்திவிடும். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். ஒருமுறை கெமிஸ்ட்ரி லேபில் ஆளுக்கு ஓர் உப்பைக் கொடுத்து என்ன உப்பு என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். நான் எல்லாச் சோதனைகளையும் வரிசையாகச் செய்து சரியாக எழுதினேன். அவள் பாதியிலேயே ஊகித்துத் தப்பாக எழுதிவிட்டு, "சிஸ்டர், இது இப்பிடி மாறிப்போச்சே" என்று சிரித்தாள். சிஸ்டரும் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, சரியான விடையைக் கொஞ்சம் இனிமையாகவும் கொடுக்கலாம் என்றார். முழு மதிப்பெண் எனக்கு, சிரிப்பு அவளுக்கு. எனக்கு அது அப்போதும் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை. சரி என்பதற்கு மேல் ஒரு விடை வேறு என்னவாக இருக்க முடியும்?

முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போனாய். பிறகு சனியும் சேர்ந்தது. மருமகள் மஸ்கட்டில் நர்ஸ் வேலையில் இருக்கிறாள், அவள் லீவில் வரும்வரை உனக்குச் சோறு போடுவது என் ஒருத்தியின் வேலை என்று நினைத்திருந்தேன். ஒருநாள், வேலை முடிந்து கொட்டகைக்குப் போய்விட்டுத் திரும்பி வருவது அலைச்சலாக இருக்கிறது, சுலோச்சனா ஆன்ட்டி வீட்டு மாடி சும்மாதானே கிடக்கிறது என்றாய். மஞ்சக்குப்பத்தில் நம் வீட்டிலிருந்து சிப்காட் எவ்வளவு பக்கம், சிதம்பரத்திலிருந்து சிப்காட் எவ்வளவு தூரம் என்று அளப்பதையே தொழிலாக வைத்திருக்கிற உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் போ என்றேன். பெட்டியை நானே அடுக்கிக் கொடுத்தேன். சட்டைகளை மடித்த மடிப்பிலேயே என் கோபம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உனக்குத் தெரியவில்லை.

அந்த ஞாயிறு உன்னிடம் சொல்லாமல் வந்தேன். பஸ்ஸில் வரும்போதெல்லாம், அங்கே போனதும் எதைக் குறை சொல்லலாம் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். கொட்டகை ஒழுங்கில்லாமல் இருக்கும், கம்பிகள் தரையில் கிடக்கும், அவள் எதையும் எழுதி வைத்திருக்க மாட்டாள் என்று நம்பிக்கையோடு வந்தேன். வாசலிலேயே, "வாடி வா, வழி தெரிஞ்சிதா, ஒரு போன் பண்ணியிருந்தா இளங்கோ ஸ்டாண்டுக்கு வந்திருப்பானே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் மகனை அனுப்புவதாக என்னிடமே சொல்கிறாள். உள்ளே நீ தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். தட்டில் கத்தரிக்காய் கொத்சு. இருபது வருடம் என் சமையலில் கத்தரிக்காயைத் துண்டு துண்டாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தவன் நீ.

"அவன் கத்திரிக்கா தொட மாட்டானே" என்றேன்.

"இங்க சாப்புடுறான்" என்றாள் சுலோச்சனா. அதை அவள் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் குத்தியது. உனக்கு இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டே, "நல்லா சாப்பிடு கண்ணா, அம்மா பாத்துக்கினு இருக்காங்க. நான் பட்டினி போடுறேன்னு நெனச்சிக்கப் போறாங்க" என்றாள். நான் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, உப்பு ஜாஸ்தி என்றேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

கொட்டகையும் ஒழுங்காகத்தான் இருந்தது. அதையும் எழுதிவிட வேண்டும். தரை துடைத்திருந்தது. தீயணைக்கும் மணல் வாளி இருந்தது. ஈரக்காற்று பட்டால் தீப்பிடிக்கும் அந்த ஹைட்ரைடு தூளை அவள் காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத்தான் கையாள்கிறாள். நடுமேசையில், சாண் நீளத்துக்குச் சற்றுக் கூடுதலான வெள்ளை அலுமினா குழாய். உள்ளே நிக்கல் தூள், அதோடு கலந்த ஹைட்ரைடு, சூடானால் அதிலிருந்து ஹைட்ரஜன் பிரியும். குழாயின் மேல் நிக்கல்-குரோமியம் கம்பியைச் சுற்றி, அதன் மேல் வெள்ளை அலுமினா சிமென்ட் பூசியிருந்தீர்கள். மின்சாரம் கம்பியைச் சூடாக்கும், கம்பி குழாயைச் சூடாக்கும். அதற்குமேல் வருகிற வெப்பம் உள்ளே அணுக்கருக்கள் இணைவதால் வருகிறது என்பது உங்கள் நம்பிக்கை. குளிர் இணைவு என்று பெயர் வைத்துக்கொண்டு அடுப்பங்கரையைவிடச் சூடாக ஒரு கொட்டகையா என்று நான் கேட்டபோது நீ சிரித்தாய். சூரியனுக்குள் இருப்பது கோடிக்கணக்கான டிகிரி, அதோடு பார்த்தால் ஆயிரம் டிகிரி குளிர்தானே அம்மா என்றாய். பதில் நன்றாக இருந்தது. அன்று நீ என்னைப் பார்த்துச் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

மின்சாரம் கொடுத்தீர்கள். குழாய் மெல்லச் சிவந்தது. முக்காலியில் நிறுத்தியிருந்த வெப்பக் கேமராவிலிருந்து லேப்டாப்பில் எண் ஏறிக்கொண்டே போனது. ஆயிரம், ஆயிரத்து இருநூறு. நீ எதையோ திருத்தினாய், இன்னும் ஏறியது. ஆயிரத்து நானூறில் நின்றது. அடுத்த மாதம் சில பேராசிரியர்களை வரவழைத்து இதைக் காட்டப் போவதாகவும், அறிக்கையில் வெப்பநிலை அளவீட்டுக்கு நீ கையெழுத்துப் போடப் போவதாகவும் சுலோச்சனா சொன்னாள். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். கேமராவில் எமிஸிவிட்டி எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று. "பாயின்ட் ஃபோர்ம்மா. ஹேண்ட்புக்ல உள்ள வேல்யூதான்" என்றாய்.

அப்போது சுலோச்சனா நாற்காலியை இழுத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்தாள். "எனக்கு இது ஜாஸ்தியா படுது இளங்கோ. மொதல்ல ஆயிரத்து இருநூறுன்னு காட்டுச்சு. கரென்ட் அதே அளவுதானே போவுது?"

"டேபிள்ல பாத்துட்டேம்மா. கரெக்டாதான் இருக்கு" என்றாய்.

அந்த 'ம்மா' எனக்கு இல்லை. நான் உனக்கு இடப்பக்கம் நின்றேன், நீ வலப்பக்கம் திரும்பிச் சொன்னாய். ஆன்ட்டி எப்போது அம்மாவானாள் என்று எனக்குத் தெரியாது. யாரும் கவனிக்கவில்லை, நீயும் கவனிக்கவில்லை. அவள், "நீ பாத்துட்டன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டு என்னிடம் திரும்பி, "நீ பிசிக்ஸாச்சேடி, நீ என்ன சொல்ற?" என்று கேட்டாள். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "இத்தினி பெரிய எஞ்சினியரு சொன்னப்பறம் நான் என்னாத்த சொல்றது" என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டேன். அத்தையின் காதுக்குச் சண்டை என்று போய்ச் சேர்ந்தது இந்த ஒரு வாக்கியம்தான். அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்திருக்க வேண்டிய வாக்கியம் வேறு. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

அந்தக் குழாயின் நிறத்தை நினைத்துப் பார். ஆரஞ்சு கலந்த சிவப்பு. நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வெறும் கண்ணாலேயே அதைப் பார்த்தேன். ஆயிரத்து நானூறு டிகிரியில் இருக்கும் பொருளை அப்படிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அது மஞ்சளையும் தாண்டி வெளுத்துப்போய்க் கண்ணைக் கூசவைக்கும். நான் பார்த்தது எண்ணூறு, மிஞ்சினால் தொள்ளாயிரம். கிழவியின் கண் என்று நீ தள்ளிவிடலாம். அப்படியானால் கம்பியைப் பார். முந்தைய வாரம் இதேபோல் ஆயிரத்து நானூறு காட்டியது என்று சொன்ன குழாயை அலமாரியில் வைத்திருந்தீர்கள், சிமென்டை உடைத்து எடுத்த கம்பிச்சுருளும் பக்கத்திலேயே இருந்தது. நான் அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு சுற்றுகூட உருகவில்லை, ஒட்டிக்கொள்ளவில்லை, அறுந்துபோகவில்லை. நிக்கல்-குரோமியம் கம்பி அந்தச் சூட்டை ஒட்டியே உருகிவிடும். சிமென்டின் வெளிப்பக்கமே ஆயிரத்து நானூறு என்றால் அதற்கு உள்ளே இருக்கும் கம்பி அதைவிடச் சூடாக இருந்தாக வேண்டும். அதற்கும் உள்ளே இருக்கும் நிக்கல் தூள் இன்னும் சூடாக. நிக்கல் உருக ஆயிரத்து நானூற்று ஐம்பத்தைந்து டிகிரி போதும். தூளாக இருந்தால்தான் ஹைட்ரஜன் உள்ளே புகும் என்கிறீர்கள், உங்கள் கணக்குப்படி அங்கே இருக்க வேண்டியது தூளில்லை, உருகி உறைந்த ஒரு கட்டி. குழாயைத் திறந்தபோது என்ன கொட்டியது? சாம்பல் நிறத் தூள் என்று நீதான் சாப்பிடும்போது சொன்னாய்.

பிழை எங்கே என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குப் புரிந்துவிட்டது. வெள்ளாற்றுப் பாலம் தாண்டுவதற்குள் புரிந்துவிட்டது. உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் உன் கையெழுத்தை நம்பிப் படிக்கப் போகிறவர்களுக்குச் சொல்வதுபோல் சொல்கிறேன். சூடான பொருள் எல்லாம் வெப்பக்கதிர் வீசும், ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விகிதத்தில் வீசும். கரி தாராளம், மெருகேற்றிய உலோகம் கருமி. கேமராவுக்கு அது தானாகத் தெரியாது. இந்தப் பொருள் இவ்வளவு விகிதம் வீசும் என்று நாம்தான் சொல்லி வைக்க வேண்டும், அதுதான் நீ போட்ட எமிஸிவிட்டி. மெதுவாகப் பேசுகிறவள் என்று ஒருத்தியைப் பற்றி முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டால், அவள் சாதாரணமாகப் பேசியதையே பெருங்கோபம் என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். நீ கேமராவிடம் அலுமினா மெதுவாகப் பேசும் என்று சொல்லிவிட்டாய். புத்தகத்தில் உள்ள பாயின்ட் ஃபோர் தப்பில்லை. ஆனால் அது எல்லாக் கதிரையும் சேர்த்துப் போட்ட சராசரி. உன் கேமரா பார்ப்பது அதில் ஒரு பகுதியை மட்டும், நீண்ட அலைகளை மட்டும். அந்தப் பகுதியில் அலுமினா ஏறக்குறையக் கரியைப்போலவே வீசும். கண்ணுக்கு வெள்ளை, கேமராவுக்குக் கறுப்பு. சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பும் அப்படித்தான் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் நடத்தியிருக்கிறேன்.

ஆயிரத்து இருநூறு ஆயிரத்து நானூறு ஆன கதையும் இதுதான். அட்டவணையில் சூடு ஏற ஏற எமிஸிவிட்டி குறைந்துகொண்டே வரும். கேமரா அதிகம் காட்டியதும் நீ அட்டவணைக்குப் போய் அந்தச் சூட்டுக்கு உரிய எண்ணை எடுத்துப் போட்டாய், அது முந்தையதைவிடச் சின்ன எண். சின்ன எண்ணைப் போட்டதும் கேமரா இன்னும் அதிகம் காட்டியது. மறுபடி அட்டவணைக்குப் போனாய். குழாய் இருந்த இடத்திலேயே இருந்தது, நீதான் ஏணியை நீட்டிக்கொண்டே போனாய். வெளிவரும் வெப்பத்தை அந்த வெப்பநிலையிலிருந்துதான் கணக்கிடுகிறீர்கள். அது எப்படிப் பெருகும் என்று உனக்குத் தெரியும்: தனிச்சுழியிலிருந்து எண்ணும் வெப்பநிலை இரட்டித்தால் வெப்பம் பதினாறு மடங்கு. அதிகப்படியாக வருகிறது என்று நீங்கள் மகிழ்ந்துபோன வெப்பம் முழுவதும் அந்த ஒரு எண்ணுக்குள்தான் இருக்கிறது. எண்ணைச் சரிசெய்தால், போட்ட மின்சாரமும் வருகிற வெப்பமும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும் என்று நினைக்கிறேன்.

இளங்கோ, இந்த இடத்தில்தான் என் பொறாமையைப் பற்றி முழுசாக எழுத வேண்டியிருக்கிறது. பிழை அவளுடையதாக இருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். அந்தப் பேராசிரியர்கள் முன்னால் அவள் வாசிக்கட்டும், அவர்களில் யாராவது எழுந்து கேட்கட்டும் என்று மஞ்சக்குப்பத்தில் உட்கார்ந்து காத்திருந்திருப்பேன். அவள் பிழையைத் தேடித்தான் பஸ் ஏறினேன். தேடிப் போனவளுக்குக் கிடைத்தது என் பிள்ளையின் பிழை. அவள் சந்தேகப்பட்டாள். ஜாஸ்தியாகப் படுகிறது என்று சரியாகவே கேட்டாள். நீ பார்த்துவிட்டாய் என்றதும், தன் கண்ணையும் தன் படிப்பையும் ஒதுக்கி வைத்துவிட்டு உன்னை நம்பினாள். நான் உன்னை ஒருநாளும் அப்படி நம்பியதில்லை. நீ எது செய்தாலும் ஒருமுறை சரிபார்ப்பேன், அதுதான் அன்பு என்று நினைத்தேன். நீ போட்ட முதல் கூட்டலிலிருந்து இன்றுவரை, "பாத்துட்டன்னா சரிதான்" என்று நான் உன்னிடம் சொன்னதே இல்லை. அந்த வாக்கியத்துக்காகத்தான் நீ மாடியில் பெட்டியை வைத்திருக்கிறாய், கொத்சுக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். அவளைப் பார்த்து நான் பொறாமைப்படுவது அந்த வாக்கியத்தை அவ்வளவு சுலபமாகச் சொல்ல அவளுக்கு முடிகிறதே என்பதற்காகத்தான். இருந்தாலும், அந்த நம்பிக்கைக்கு நீ திருப்பிக் கொடுக்க வேண்டியது சரியான எண் ஒன்றைத்தான். உன் கையெழுத்தை நம்பி அவள் அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று, பிறகு அது தப்பு என்று ஆனால், சிரிக்கப் போவது அவளைப் பார்த்து. நாலு பேர் சிரிக்கும்போது கூடச் சிரிக்க அவளுக்கு வரும். இந்த முறை வராது.

நீ சின்னவனாக இருந்தபோது காய்ச்சல் வந்தால் நான் இரண்டு தெர்மாமீட்டர் வைப்பேன். உன் அப்பா தாழ்வாரத்தில் நின்று, "ஒன்னு பொய் சொன்னா இன்னொன்னு காட்டிக்குடுக்குமா? ரெண்டும் ஒரே கடையில வாங்கினதுதானே" என்று கிண்டல் செய்வார். பிறகு உள்ளே வந்து புறங்கையை உன் கழுத்தில் வைத்துப் பார்த்து, கொதிக்கிறது என்றோ இறங்கிவிட்டது என்றோ சொல்வார். அப்போது எனக்கு அது எரிச்சலாக இருந்தது. இப்போது யோசித்தால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஒரே வழியில் இரண்டு முறை அளப்பது ஒரே ஆளை இரண்டு முறை சாட்சி கேட்பது மாதிரி. நீ கேமராவையும் அட்டவணையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாய், இரண்டும் ஒன்றையொன்று ஆமாம் என்றன. வேறு வழியில் வந்த ஒரு சாட்சி வேண்டும்.

அதனால் நான் கேட்பது இதுதான். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தக் குழாயின் மேல் ஒரு பிளாட்டினம் தெர்மோகப்பிளைத் தொடும்படி வைத்து அளந்து பார். சாதாரண வகை வேண்டாம், அந்தச் சூடு உண்மையாகவே இருந்தால் அது தாங்காது. பிறகு தூளே போடாத வெற்றுக் குழாயில் அதே கம்பியைச் சுற்றி, அதே மின்சாரம் கொடுத்து, கேமராவில் என்ன வருகிறது என்று பார். வெற்றுக் குழாயும் ஆயிரத்து நானூறு காட்டினால் எந்த அணுக்கருவும் எதோடும் இணையவில்லை. இரண்டையும் செய்யும்போது குறுக்கே ஒரு தடித்த பாலிகார்பனேட் பலகையை நிறுத்து. ஹைட்ரஜன் அடைத்த குழாயின் முன்னால் நீங்கள் இருவரும் முகத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. இருவரும் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

தெர்மோகப்பிளும் ஆயிரத்து நானூறு காட்டினால், வெற்றுக் குழாய் அந்த எண்ணுக்குக் கிட்டேகூட வராமல் இருந்தால், நான் சொன்னது எல்லாம் தப்பு. அப்படியானால் நீ அழைக்காமலேயே வந்து, அந்தப் பேராசிரியர்கள் முன்னால் சுலோச்சனாவின் கையைப் பிடித்து, நான் தப்பு, நீ சரி என்று சொல்வேன். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று உனக்குத் தெரியும். இருந்தும் சொல்வேன். எண்ணூறு காட்டினால், அவளிடம் நீதான் சொல்ல வேண்டும். அந்த ஏணியை உன் வாயாலேயே விளக்கு. அட்டவணையைத் தப்பாக எடுத்தது நான் என்று சொல், அம்மா கண்டுபிடித்தாள் என்று சொல்லாதே. என் பேரே அதில் வர வேண்டாம். நான் சொல்லக்கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. நான் சொன்னால் எனக்கு அதில் சந்தோஷம் இருக்கும், அந்தச் சந்தோஷம் என் முகத்தில் தெரியும், அவள் கெட்டிக்காரி, பார்த்துவிடுவாள். நீ சொன்னால் அவள் மோர் கொண்டுவந்து கொடுத்து, போகுது விடு கண்ணா, மறுபடி அளக்கலாம் என்பாள். அவள் அப்படித்தான் சொல்வாள். அதற்கு நான் வயிறு எரிந்துகொள்கிறேன், அது என் பாடு.

அங்கேயே தங்குவதா, இங்கே வருவதா என்று நான் கேட்கவில்லை. அது வேறு விஷயம். இந்தக் கடிதத்தில் கேட்பது ஓர் எண்ணும் ஒரு பதிலும்தான்: தெர்மோகப்பிள் என்ன காட்டியது, கையெழுத்துப் போட்டாயா இல்லையா. ஒரு தாளில் உன் கையால் எழுதித் தபாலில் அனுப்பு. போனில் சொல்லாதே. பின்னால் அவள் சாப்பிடக் கூப்பிடுகிற சத்தம் கேட்கும், எனக்கு எண் காதில் விழாது.

அம்மா